மூன்று மணி பத்து நிமிட அண்ணாச்சி

கம்பெனி பஸ்ஸின் முன்கம்பியில் சாய்ந்து நின்றபடியே பாதி உலகத்துப் படங்களை எங்களுக்குக் காட்டிய என் ஜெபராஜ் மச்சானுக்கு,

படம் வந்துவிட்டதடா. பார்த்தும்விட்டோம். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உன்னை நினைத்து அழுதிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், ஃபோனை எடுத்து உன் நம்பரைத் தேடிவிட்டு வைத்திருக்கிறேன். கோபம் மட்டும் வந்ததில்லை. போன வாரம் அதுவும் வந்துவிட்டது. முதலில் படத்தின்மேல், பிறகு உன்மேல். யாரிடம் போய்ச் சொல்ல? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

இதை நம் தொழிற்சாலை ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே நடுவில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை நம்முடையது. காலை ஷிஃப்ட் பஸ் ராஜகீழ்ப்பாக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, தாம்பரம் தாண்டி, பீர்க்கன்கரணை நிறுத்தத்தில் உன்னை ஏற்றும். ஞாயிறு காலையில் சர்ச், மதியம் சினிமா என்று ஒழுங்காக வாழ்ந்தவன் நீ. திங்கட்கிழமை ஏறியதும் டிரைவர் ஏகாம்பரத்தின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் முதுகைச் சாய்த்து, எங்கள் பக்கம் திரும்பி நின்று, முந்தின நாள் பார்த்த படத்தின் கதையைச் சொல்வாய். அதற்கு ஒரே ஒரு விதி. தொழிற்சாலை கேட் வருவதற்குள் கதை முடிந்துவிட வேண்டும். மீதி நாளைக்கு என்ற பேச்சே கிடையாது. கூடுவாஞ்சேரியில் வண்டிகள் நெரிந்து நின்றால் ஒரு சண்டைக் காட்சி கூடும். சாலை காலியாக இருந்தால் கதாநாயகியின் அப்பா கதையிலேயே வரமாட்டார்.

நீ சொன்னதிலேயே பஸ் முழுக்க மறக்காத கதை அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான். இருபத்திரண்டு வருஷம் முன்பு தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் தமிழ்க் குரல் கொடுத்துத் திரும்பப் போட்டிருந்தார்கள். கல்லுக்காக ஒரு மலையை வெடி வைத்து உடைக்கிறார்கள். உள்ளே ஆயிரம் வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த ராட்சத மிருகம் எழுந்துகொள்கிறது. அதன் வாயில் ஒரே ஒரு முட்டை. அந்த முட்டையைப் பத்திரமாக வைக்க இடம் தேடி அது ஊருக்குள் நடக்கிறது. தங்களை அழிக்க வருகிறது என்று நினைத்து ஊர்க்காரர்கள் பட்டாளத்தைக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

அந்த மிருகத்துக்கு அண்ணாச்சி என்று பேர் வைத்தவன் நீ. "நம்ம தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி முட்டைய எப்படிப் பேப்பர்ல சுத்தி, ரெண்டு கையாலயும் குடுப்பாரு? அந்தக் கவனம்டா இதுக்கு" என்றாய். அப்புறம் பஸ் முழுக்க மரியாதைதான். அண்ணாச்சி பாலத்தைத் தாண்டினார், அண்ணாச்சிமேல் குண்டு பட்டது, அண்ணாச்சி அழுதார். கடைசியில் முட்டையோடு மலைக்கே திரும்பி வந்து, உள்ளே போய், ஒரு பாறையை இழுத்து வாசலை அடைத்துக்கொண்டார். "கதவச் சாத்திட்டாரு. அவ்ளோதான், எறங்குங்க" என்றாய். எல்லோரும் கைதட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு என்ன நாள் என்று உனக்குத் தெரியும். எங்கள் முதல் குழந்தை, பெண் குழந்தை, பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். பேர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் நான் வேலைக்குத் திரும்பிய முதல் காலை அது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கோமதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பல நாளாக அப்படித்தான் படுத்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் உன் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குக் கதை சொல்ல வராது, முன்னுக்குப் பின்னாக உளறினேன். பாதியில் அவள் திரும்பாமலே, "அந்த முட்டை என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "ஒன்னும் ஆகல. உள்ள எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, முகம் கழுவி, இரண்டு பேருக்கும் டீ போட்டாள். அன்றைக்குத்தான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழுதோம்.

பிறகு மகன் பிறந்து, வளர்ந்து, ஓசூரில் வேலைக்கும் போய்விட்டான். இன்றைக்கும் நான் கண்ணாடிச் சாமானை எடுத்தால் "அண்ணாச்சி மாதிரி புடிங்க" என்பாள் கோமதி. அந்தக் கதையின் கடைசி இரண்டு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர்கள் நாங்கள். அதில் ஒருவன் கை வைத்தால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

அந்தப் படத்தை மறுபடி எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது நீ இருந்தாய். ட்ரெய்லரை ஃபோனில் போட்டு சீட் சீட்டாகக் காட்டினாய். "டேய், அண்ணாச்சி கலர்ல வர்றாருடா! எல்லாரும் சேந்துதான் போறோம். ஏகா, நீயும்தான்" என்றாய். ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம், ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போனவன், சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாயாம். உன் மகள் ரூத் சொன்னாள். எட்டு மாதம் பொறுத்திருந்தால் படம் பார்த்திருக்கலாமே, என்ன அவசரம் உனக்கு?

ரூத்துக்குத் தாம்பரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது, கவலைப்படாதே. பஸ்ஸில் உன் கம்பியில் இப்போது யாரும் சாய்வதில்லை. பெயிண்ட் பிரிவு குணா ஒரு திங்கட்கிழமை முயன்று பார்த்தான். வண்டலூர் வருவதற்குள் வில்லன் பேர் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டான். மற்றபடி எல்லோர் காதிலும் ஒயர் தொங்குகிறது.

நீ சொன்னபடியே எல்லோரும் சேர்ந்து போனோம். ரூத் ஆராதனை முடிந்து வரட்டும் என்று ஞாயிறு மதியக் காட்சி. வேளச்சேரிப் பக்கம் பெரிய திரை. மொத்தம் பதினோரு பேர். கோமதி வரவில்லை. அவளுக்கு முட்டிவலி, ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. அண்ணாச்சி உள்ள போற எடத்த மட்டும் நல்லா கவனிச்சுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ சண்டைக்கு வருவாய். கண்ணுக்கு விருந்துதான். மலை வெடிக்கும்போது தூசி நம்மேல் விழுந்துவிட்டதோ என்று ரூத் தலையைத் தட்டிக்கொண்டாள். அண்ணாச்சியின் முதுகில் புல் முளைத்திருக்கிறது, அதில் ஆடுகள் மேய்கின்றன. அவர் எழும்போது ஒவ்வொரு ஆடாகச் சறுக்கி இறங்கி ஓடுகிறது. மழைத்தண்ணீர் செதிலுக்குச் செதில் வடிவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முட்டையின்மேல் மெல்லிய நரம்புகள், உள்ளே ஏதோ அசைகிறது. நான் மூச்சு விடவில்லை. இத்தனை பேர் இத்தனை திறமையோடு உழைத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்காவது கதையை எப்போது முடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கக் கூடாதா?

மூன்று மணி பத்து நிமிடம் ஓடுகிறது மச்சான்! நீ பீர்க்கன்கரணைக்கும் மறைமலை நகருக்கும் நடுவில் முடித்த கதை. முதல் ஒரு மணி நேரம் அண்ணாச்சி வரவே இல்லை. ஒரு பாறை ஆராய்ச்சிக்காரி, அவளைப் பிரிந்துபோன புருஷன், இரண்டு பேரும் ஹெலிகாப்டரில் உட்கார்ந்து பழைய சண்டை போடுகிறார்கள். கீழே ஊர் எரிகிறது, மேலே கல்யாண நாளை மறந்தது யார் என்று விசாரணை. அப்புறம் அண்ணாச்சியின் சின்ன வயசு. அப்புறம் அண்ணாச்சியின் அம்மா. அம்மாவுக்கு ஒரு முட்டை. எதற்கு இதெல்லாம்? வாயில் முட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் நடந்தால் அவருக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாதா? நான்கு விஞ்ஞானிகள் நான்கு தடவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை விளக்குகிறார்கள். குணா தூங்கினான், எழுந்தான், வெளியே போய் பாப்கார்ன் வாங்கிவந்தான், தின்று முடித்துவிட்டு மறுபடி தூங்கினான். கதை அதே இடத்தில் இருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசி இடம் வரும், அதைக் கோமதிக்குச் சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்தது. அண்ணாச்சி மலையடிவாரம்வரை வந்துவிட்டார், வாசல் தெரிகிறது. ஒரு குண்டு வந்து விழுந்தது. முட்டை உடைந்துவிட்டது. அதை மெதுவாக, நாலா பக்கத்திலிருந்தும், அவ்வளவு அழகாகக் காட்டினார்கள். அண்ணாச்சி உடைந்த ஓட்டுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்தார். எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் வரிசை முழுக்க எழுந்துவிட்டது. "டேய், கதைய மாத்திட்டானுங்கடா!" என்று குணா கத்தினான். "அண்ணாச்சி உள்ள போவணும்டா!" என்று நானும் கத்தினேன், ஐம்பத்து மூன்று வயசில். முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி திரும்பி, "அங்கிள், ஒரிஜினல்லயும் இப்படித்தான் அங்கிள். ப்ளீஸ், உக்காருங்க" என்றாள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கதை எங்களுக்குத் தெரியும்மா" என்றேன். பதினோரு பேரில் ஏகாம்பரம் மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் கோமதி வாசலிலேயே நின்றாள். "எப்படி எடுத்திருக்காங்க?" என்றாள். தலைவலி, நாளைக்குச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அவளிடம் என்னவென்று சொல்ல? அந்த ஆத்திரத்தை எல்லாம் ஃபோனில் காட்டினேன். டிக்கெட் எடுக்கிற ஆப்பில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, பழைய படத்தின் முடிவைக் கொன்றுவிட்டார்கள், மூலக்கதையின்மேல் கொஞ்சமும் மரியாதை இல்லாதவர்கள் என்று எழுதித் தள்ளினேன். அதை நம் பஸ் குரூப்பிலும் போட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் அத்தனை பேரும் எனக்குக் கைகொடுத்தார்கள். ஏகாம்பரம் மட்டும் ஹாரனை அடித்துக்கொண்டே போனான்.

மதியம் கேன்டீனில் இருக்கும்போது ரூத்திடமிருந்து ஒரு வீடியோ வந்தது. "மாமா, பழைய படத்தோட கடைசி பத்து நிமிஷம் நெட்ல கெடைச்சுது. பாத்துட்டுப் பேசுங்க" என்று எழுதியிருந்தாள். சாம்பார் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. அட்டையில் செய்த மலை. ரப்பர் அண்ணாச்சி, கழுத்தில் தையல்கூடத் தெரிகிறது. வாசல்வரை வந்தார். குண்டு விழுந்தது. முட்டை உடைந்தது. அவர் பக்கத்தில் படுத்தார். முற்றும் என்று போட்டுவிட்டார்கள்.

மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் உடைந்தது.

அப்போதுதான் மச்சான் உன்மேல் கோபம் வந்தது. தரப் பரிசோதனையில் இருந்தவன் நீ. அளவில் ஒரு முடி கூடினாலும் பீஸைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவாய், மேனேஜர் வந்து கெஞ்சினாலும் எடுக்கமாட்டாய். அப்படிப்பட்டவன் இருபத்திரண்டு வருஷம் ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏமாற்றியிருக்கிறாய். பொது இடத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம் எகிறிவிட்டு வந்து நிற்கிறேன், உன் பேச்சை நம்பி! எத்தனை சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருப்பாய், ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

சாயங்காலம் பஸ்ஸில் எல்லோரும் இறங்கி, ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் மட்டும் மிச்சம். இறங்காமல் முன்னால் போய் நின்றேன்.

"ஏகா, ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் எஞ்சினை அணைத்தான். "தெரியும் சார். அந்த ஞாயித்துக்கெயம நானும் ஜெபா சாரும் ஒண்ணாதான் பாத்தோம். முட்ட ஒடஞ்சிரும். அத்தோட படம் க்ளோஸ்."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்னான்?"

"இன்னா சார், இதுகூடவா தெரில?" என்று என்னைப் பார்த்தான். "அவரு பாட்டுக்கு ஏறி கதைய ஸ்டார்ட் பண்ட்டாரு. நீங்க வந்து குந்திகினு இருக்கறத அவரு கவனிக்கவே இல்ல. வண்டலூராண்டதான் பாத்தாரு. நீங்க ஜன்னல் கம்பிய புட்ச்சிகினு அவரு மூஞ்சியவே பாத்துகினு கீறீங்க. அதுக்குள்ள அவரு முட்டைய அண்ணாச்சி வாய்ல குடுத்துட்டாரு. இனிமே எப்டி எடுக்கறது? எங்கிட்ட குனிஞ்சி, 'ஏகா, வண்டிய மெதுவா உருட்டுடா'ன்னாரு. 'இன்னாத்துக்கு சார்?'ன்னேன். 'அந்த முட்டைய என்னால ஒடைக்க முடியாது. யோசிக்கணும், டைம் குடு'ன்னாரு."

நான் அவன் பக்கத்து எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்கி கேட்டுக்குள்ள லேட்டாதான் பூந்தோம். மெமோ எனக்குத்தான் வந்துச்சு" என்று சிரித்தான். "எவன்கிட்டயும் வாயத் தொறக்காதன்னாரு. தொறக்கல. தியேட்டர்ல நீங்க கத்த சொல்ல எனக்கு பேஜாரா பூட்ச்சி சார்."

ரூத்துக்கு அங்கிருந்தே ஃபோன் செய்து சொன்னேன். "வீட்ல அப்பா எத்தனையோ படக் கதை சொல்லியிருக்காரு மாமா. இத மட்டும் சொன்னதே இல்ல" என்றாள். ஏன் மச்சான்? எங்கள் பஸ்ஸுக்கு ஒரு முடிவு, உன் வீட்டுக்கு ஒரு முடிவு வைத்துக்கொள்ள உன்னால் முடியவில்லையா? இல்லை, இரண்டாவது முறை வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பயமா?

நீ இருந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அப்புறம் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாயே, அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. ஆப்பில் எழுதியதை அழித்தேன். நட்சத்திரத்தை மட்டும் ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். அதற்கு மேல் மனசு வரவில்லை. நீளம் நீளம்தானே.

வீட்டுக்குள் போனேன். கோமதி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தலைவலி போச்சா? இப்பவாவது சொல்லுங்க" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஆகிவிட்டது, தாங்குவாள் என்று தோன்றியது. ஆரம்பித்தேன். ஹெலிகாப்டரை விட்டுவிட்டேன். விஞ்ஞானிகளை விட்டுவிட்டேன். அண்ணாச்சியின் அம்மாவையும் விட்டுவிட்டேன். ஆடுகள் சறுக்கியதைச் சொன்னபோது சிரித்தாள். மலையடிவாரம்வரை கொண்டுவந்துவிட்டேன். அவள் கை கீரைத்தண்டோடு அப்படியே நின்றது. கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு வண்டலூரில் நீ என் முகத்தில் எதைப் பார்த்தாய் என்று எனக்கு அப்போது விளங்கியது.

"முட்டை?" என்றாள்.

"வாயிலயேதான் இருந்துச்சு. ஒன்னும் ஆகல. உள்ள எடுத்துட்டுப் போயிட்டாரு."

"கதவு?"

"சாத்திட்டாரு."

தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தண்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒரு தடவ பாக்கணும்போல இருக்குங்க. மெதுவா ஆட்டோ புடிச்சுப் போலாமா?" என்று கேட்டாள்.

எனக்கு வேர்த்துவிட்டது மச்சான். "மூணு மணி பத்து நிமிஷம் கோமு! ஒன் முட்டி தாங்காது" என்றேன். அவள் முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, அவ்ளோ நேரம் யாரு உக்காருவா" என்றாள். இரண்டு நாளாக அந்தப் படம் எடுத்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியவன், அந்த நிமிடம் மனசாரக் கும்பிட்டேன்.

ஆண்டு மலர் இந்த வருஷம் என் வீட்டுக்கு வராது. படிக்கிற நம் ஆட்கள் யாரும் கோமதியிடம் வாய் திறக்கக் கூடாது, குணா உட்பட.

கீரையை அலசப் போகும்போது அவள் சொன்னாள்: "சரி, டிவில போடுவான்ல, அப்போ பாத்துக்கலாம்."

போடுவான். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ விளம்பரம் செய்து போட்டே தீருவான். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான், அன்றைக்கு எங்கள் வீட்டில் கேபிள் வேலை செய்யாது.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் மகளுக்கு மாமனும் உனக்கு மச்சானுமான
தயாளன்,
ராஜகீழ்ப்பாக்கம்.